ப்ளூஸ் கிட்டாரில் ஜாஸ் ஹார்மனி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதைப் படிக்க எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

12 பார் ப்ளூஸை மூன்று கார்டுகளில் வாசிக்கவும், மைனர் பென்டடானிக்கின் முதல் வடிவத்தில் கொஞ்சம் சோலோ எடுக்கவும் தெரிந்தால் போதும். உதாரணங்கள் எல்லாமே ஏ கீயில் இருக்கின்றன. ஒன்றாம் கார்டு ஏ7, நான்காம் கார்டு டி7, ஐந்தாம் கார்டு ஈ7. கம்பிகளை மெல்லியதிலிருந்து எண்ணுகிறேன். 6-ஆவது கம்பி என்றால் தடித்த ஈ கம்பி.

மூன்று கார்டுகளிலேயே ப்ளூஸ் அழகாகத்தானே இருக்கிறது? இதில் ஜாஸை ஏன் கொண்டுவர வேண்டும்?

இரண்டும் ஒரு காலத்திலும் தனித்தனியாக இருந்ததில்லை. 1928, 1929 ஆண்டுகளிலேயே ப்ளூஸ்காரரான லானி ஜான்சனும் ஜாஸ்காரரான எடி லாங்கும் சேர்ந்து இரட்டைக் கிட்டார் பதிவுகள் செய்திருக்கிறார்கள். 1939-ல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியனின் வாசிப்பு ஜாஸ் கிட்டாரின் போக்கையே மாற்றியது. அவர் சோலோக்களில் ப்ளூஸ் நிறைந்து கிடக்கும். மின்கிட்டார் ப்ளூஸுக்கு வழிபோட்ட டி-போன் வாக்கர் நைன்த் கார்டுகளை (செவன்த் கார்டோடு ஒன்பதாம் ஸ்வரமும் சேர்ந்தவை) சாதாரணமாகப் புழங்கினார். பி.பி. கிங் தன்னைப் பாதித்தவர்களாக டி-போன் வாக்கரோடு சார்லி கிறிஸ்டியனையும் ஜாங்கோ ரைன்ஹார்ட்டையும் சொல்லியிருக்கிறார்.

ஆனால் வரலாறு மட்டும் காரணமாகிவிடாது. ஒரே பென்டடானிக் வடிவத்தை 12 பாரிலும் ஓட்டினால், பின்னால் கார்டு மாறுவது சோலோவில் தெரியாது. ஏ7 ஒலித்தாலும் டி7 ஒலித்தாலும் நீங்கள் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஜாஸ் ஹார்மனி தருவது, கார்டு மாறும் அந்த நொடியைத் தனிக் கிட்டாரிலேயே கேட்க வைக்கும் திறமை. பேஸும் டிரம்ஸும் நின்றுவிட்டாலும் நீங்கள் எந்த பாரில் இருக்கிறீர்கள் என்று கேட்பவருக்குப் புரிய வேண்டும். கடினமான கார்டுகளைக் காட்டுவதற்காக இதைக் கற்க வேண்டியதில்லை.

சரி, முதலில் எதைக் கற்க வேண்டும்?

ஒவ்வொரு கார்டிலும் இரண்டே ஸ்வரங்கள்: ரூட்டிலிருந்து, அதாவது கார்டுக்குப் பெயர் தரும் ஸ்வரத்திலிருந்து, எண்ணினால் வரும் மூன்றாம் ஸ்வரமும் ஏழாம் ஸ்வரமும். ஜாஸ்காரர்கள் இவற்றைக் கைடு டோன் என்பார்கள். கார்டு மேஜரா மைனரா, செவன்த்தா என்பதை முடிவு செய்வது இவைதான். ரூட்டை பேஸ் வாசித்துவிடும். ஐந்தாம் ஸ்வரம் இல்லாவிட்டாலும் குடி முழுகாது.

ஏ7-ல் அவை சி ஷார்ப், ஜி. டி7-ல் எஃப் ஷார்ப், சி. ஈ7-ல் ஜி ஷார்ப், டி.

இப்போது கிட்டாரை எடுத்து இதை வாசித்துப் பாருங்கள். 4-ஆவது கம்பியில் 5-ஆவது ஃப்ரெட் (ஜி), 3-ஆவது கம்பியில் 6-ஆவது ஃப்ரெட் (சி ஷார்ப்). இது ஏ7-ன் உயிர். அதே விரல் வடிவத்தை அப்படியே ஒரு ஃப்ரெட் கீழே இறக்குங்கள்: எஃப் ஷார்ப், சி. டி7 வந்துவிட்டது. ஏ7-லிருந்து ஒரு ஃப்ரெட் மேலே ஏற்றினால் ஜி ஷார்ப், டி, அதாவது ஈ7. மொத்த 12 பார் ப்ளூஸும் இரண்டு விரல்கள் ஒரு ஃப்ரெட் கீழேயும் ஒரு ஃப்ரெட் மேலேயும் நகர்வதில் அடங்கிவிடுகிறது. கையைத் தூரமாக எடுத்துப்போய் மூன்று 'பாரே' கார்டுகளை (ஒரே விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே படுக்க வைத்துப் பிடிப்பவை) பிடித்தபோது காதில் விழாத ஒன்று இங்கே விழும்: கார்டுகள் தாவவில்லை, ஒன்று இன்னொன்றுக்குள் வழுக்கிப் போகிறது.

ரூட்டோடு வேண்டுமென்றால், ஏ7-க்கு 6-ஆவது கம்பியில் 5-ஆவது ஃப்ரெட், டி7-க்கு 5-ஆவது கம்பியில் 5-ஆவது ஃப்ரெட், ஈ7-க்கு 5-ஆவது கம்பியில் 7-ஆவது ஃப்ரெட் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற கம்பிகளை மூடிவிட வேண்டும். இவற்றுக்கு ஷெல் கார்டு என்று பெயர். கவுன்ட் பேஸியின் குழுவில் 1937 முதல் 1987 வரை ரிதம் வாசித்த ஃப்ரெடி கிரீன் இப்படிப்பட்ட சிறிய வடிவங்களை வைத்தே முழு பிக் பேண்டையும் நடத்தினார். பல இடங்களில் அவர் கார்டில் ஒரே ஒரு ஸ்வரம்தான் தெளிவாகக் கேட்கும்.

இதை சோலோவில் எப்படிப் பயன்படுத்துவது?

ஒன்றாம் கார்டில் சி ஷார்ப், நான்காம் கார்டில் சி. இந்த ஒரே வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஏ மைனர் பென்டடானிக்கில் சி இருக்கிறது, சி ஷார்ப் இல்லை. ஏ7 ஒலிக்கும்போது சி-யில் தொட்டு சி ஷார்ப்புக்கு ஹாமர்-ஆன் செய்யுங்கள், அல்லது சி-யைக் கொஞ்சம் வளைத்து இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். 5-ஆவது பாரில் டி7 வந்ததும் சி ஷார்ப்பை விட்டுவிட்டு சி-யில் இறங்குங்கள். 4-ஆவது பாரின் கடைசியில் சி ஷார்ப், 5-ஆவது பாரின் முதல் அடியில் சி. இந்த ஒரு இறக்கத்தைக் கேட்டதும் கார்டு மாறிவிட்டது என்று யாருக்கும் புரிந்துவிடும். டி7-ன் மேல் சி ஷார்ப்பைப் பிடித்து நிறுத்தினால் உறுத்தும். ஓடுகிற ஓட்டத்தில் தொட்டுப் போனால் பரவாயில்லை.

ஜாஸ் ப்ளூஸின் கார்டு வரிசை எப்படி இருக்கும்?

பல வகைகள் உண்டு. அதிகம் புழங்குவது இது:

பார் 1–4: ஏ7 | டி7 | ஏ7 | ஈ மைனர் 7, ஏ7
பார் 5–8: டி7 | டி ஷார்ப் டிமினிஷ்டு 7 | ஏ7 | எஃப் ஷார்ப் 7
பார் 9–12: பி மைனர் 7 | ஈ7 | ஏ7, எஃப் ஷார்ப் 7 | பி மைனர் 7, ஈ7

சாதாரண ப்ளூஸோடு ஒப்பிட்டால் முக்கியமான தூண்கள் அசையவில்லை. 1-ஆவது பாரில் ஒன்றாம் கார்டு, 5-ஆவது பாரில் நான்காம் கார்டு, 7-ஆவது பாரில் திரும்ப வீடு. மற்றதெல்லாம் அந்தத் தூண்களுக்குப் போகும் வழியைச் செப்பனிடும் வேலை. பெரிய மாற்றம் 9, 10 பார்களில்தான்: ப்ளூஸில் ஈ7, டி7 என்று இறங்கும் இடத்தில் ஜாஸில் பி மைனர் 7, ஈ7 என்று வரும்.

6-ஆவது பாரில் அந்த டிமினிஷ்டு கார்டு ஏன்? அதை எப்படிப் புரிந்துகொள்வது?

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. டி7-ன் ஸ்வரங்கள் டி, எஃப் ஷார்ப், ஏ, சி. டி ஷார்ப் டிமினிஷ்டின் ஸ்வரங்கள் டி ஷார்ப், எஃப் ஷார்ப், ஏ, சி. ரூட்டை மட்டும் ஒரு ஃப்ரெட் தூக்கியிருக்கிறோம், வேறெதுவும் மாறவில்லை. அடுத்து வரும் ஏ7-ல் ஈ இருக்கிறது. ஆக டி, டி ஷார்ப், ஈ என்று ஒரு குரல் படிப்படியாக ஏறுகிறது. பேஸ் வாசிப்பவர் 7-ஆவது பாரில் ஈ-யில் இறங்கினால் அந்த ஏற்றம் தெளிவாகக் கேட்கும்.

இன்னும் ஒன்று. 8-ஆவது பாரின் எஃப் ஷார்ப் 7-ம் இதே தந்திரம்தான். ஏ7-ன் ஸ்வரங்கள் ஏ, சி ஷார்ப், ஈ, ஜி. இதில் ஏ-யை ஒரு ஃப்ரெட் தூக்கி ஏ ஷார்ப் ஆக்குங்கள்: ஏ ஷார்ப், சி ஷார்ப், ஈ, ஜி. இது ரூட் இல்லாத எஃப் ஷார்ப் 7 ஃப்ளாட் 9 (ஒன்பதாம் ஸ்வரம் ஜி ஷார்ப் ஒரு ஃப்ரெட் இறங்கி ஜி ஆகியிருக்கிறது). அந்த ஏ ஷார்ப் அடுத்த பாரின் பி-யை நோக்கி இழுக்கிறது. 6-ஆவது பாரில் நான்காம் கார்டின் ரூட்டைத் தூக்கினோம், 8-ஆவது பாரில் ஒன்றாம் கார்டின் ரூட்டைத் தூக்கினோம். இரண்டு புதிய கார்டுகள் போலத் தோன்றியது ஒரே விரல் அசைவுதான்.

சோலோவில் 8-ஆவது பாருக்கென்று தனி ஸ்கேல் தேட வேண்டாம். வழக்கமான ப்ளூஸ் வாக்கியத்தை வாசித்து, கடைசியில் ஏ ஷார்ப்பைத் தொட்டு, 9-ஆவது பாரின் தொடக்கத்தில் பி-யில் இறங்கினால் போதும்.

பி மைனர் 7, ஈ7, ஏ7: இந்த 2-5-1 ஏன் எங்கேயும் வருகிறது?

இறங்கும் சுகத்துக்காக. (ஏ கீயில் பி இரண்டாம் ஸ்வரம், ஈ ஐந்தாம் ஸ்வரம், ஏ முதல் ஸ்வரம். அதனால்தான் 2-5-1.) 8-ஆவது பாரிலிருந்து 4, 3 கம்பிகளை மட்டும் வாசித்துப் பாருங்கள்.

எஃப் ஷார்ப் 7: 8, 9 ஃப்ரெட்கள். பி மைனர் 7: 7, 7. ஈ7: 6, 7. ஏ7: 5, 6.

4-ஆவது கம்பியில் ஏ ஷார்ப், ஏ, ஜி ஷார்ப், ஜி என்று ஒரு ஃப்ரெட் ஒரு ஃப்ரெட்டாக நேர்க்கோட்டில் இறங்குகிறது. இந்த இறக்கத்தை வாயால் பாடிப் பாருங்கள். பிறகு அதையே சோலோவில் முதுகெலும்பாக வைத்து, நடுவில் உங்கள் ப்ளூஸ் லிக்குகளை (பழகிய சின்ன வாக்கியங்களை) கோத்துக்கொள்ளலாம். 4-ஆவது பாரின் ஈ மைனர் 7, ஏ7-ம் இதே 2-5 தான். ஆனால் அதன் இலக்கு டி7.

9, 13 கார்டுகளை எப்போது பிடிப்பது?

ஏ7, டி7 எழுதியிருக்கும் எந்த இடத்திலும் பிடிக்கலாம். மேலே சொன்ன ஷெல் வடிவத்தோடு 2-ஆவது கம்பியில் ஒரு விரல் சேர்த்தால் வந்துவிடும். ஏ7 வடிவத்தோடு 2-ஆவது கம்பியில் 7-ஆவது ஃப்ரெட் சேர்ந்தால் ஏ13. டி7 வடிவத்தோடு 5-ஆவது ஃப்ரெட் சேர்ந்தால் டி9. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் மேல் குரல் எஃப் ஷார்ப்பிலிருந்து ஈ-க்கு மெல்ல இறங்கும். 9 கார்டை ஒரு ஃப்ரெட் மேலிருந்து சறுக்கி இறக்கினால் உடனே ஒரு மெதுவான ப்ளூஸின் மணம் வந்துவிடும்.

ஈ7 ஷெல்லோடு 2-ஆவது கம்பியில் 8-ஆவது ஃப்ரெட் சேர்த்தால் ஈ7 ஷார்ப் 9. 1967-ல் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இதை ராக் ரசிகர்களின் காதில் பதிய வைத்தார். இதில் ஜி ஷார்ப்பும் இருக்கிறது, ஜி-யும் இருக்கிறது. மேஜர் மூன்றாம் ஸ்வரத்தோடு மைனர் மூன்றாம் ஸ்வரம் மோதுவதுதான் ப்ளூஸின் அடிப்படைக் குணம். அது ஒரே கார்டுக்குள் அடைபட்டிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. டிஸ்டார்ஷன் அதிகமானால் இந்தப் பெரிய கார்டுகள் குழம்பிப் போகும். அப்போது இரண்டு ஸ்வர ஷெல்லுக்கே திரும்பிவிடுங்கள்.

ட்ரைடோன் மாற்று என்கிறார்களே, அது என்ன?

ஈ7-ன் கைடு டோன்கள் ஜி ஷார்ப், டி. பி ஃப்ளாட் 7-ன் மூன்றாம் ஸ்வரம் டி, ஏழாம் ஸ்வரம் ஏ ஃப்ளாட், அதாவது அதே ஜி ஷார்ப். முக்கியமான இரண்டு ஸ்வரங்களும் பொது என்பதால் ஈ7 இருக்கும் இடத்தில் பி ஃப்ளாட் 7 வைக்கலாம். இரண்டு ரூட்டுகளுக்கும் இடையில் ஆறு ஃப்ரெட் தூரம், அதற்குத்தான் ட்ரைடோன் என்று பெயர். பேஸ் பி, பி ஃப்ளாட், ஏ என்று வழுக்கிக்கொண்டு வரும். அதேபோல் 4-ஆவது பாரின் கடைசி இரண்டு அடியில் ஏ7-க்குப் பதில் ஈ ஃப்ளாட் 7 வைத்து டி7-ல் இறங்கலாம். சுருக்கமாக நினைவில் வைக்க: போக வேண்டிய கார்டுக்கு ஒரு ஃப்ரெட் மேலே இருக்கும் 7 கார்டு.

ஆல்டர்டு, டிமினிஷ்டு, மெலடிக் மைனர் என்று எல்லா ஸ்கேலும் படிக்க வேண்டுமா?

ஆரம்பத்தில் வேண்டாம். கையில் இருக்கும் பென்டடானிக்கை நகர்த்தியே நிறைய செய்யலாம்.

நான்காம் கார்டுக்கு: ஏ மைனர் பென்டடானிக்கில் ஜி-யை எடுத்துவிட்டு எஃப் ஷார்ப்பை வையுங்கள். ஏ, சி, டி, ஈ, எஃப் ஷார்ப் கிடைக்கும். டி9-ன் எல்லா ஸ்வரங்களும் இதற்குள் இருக்கின்றன. ஒரே ஒரு ஸ்வரத்தை மாற்றியதற்குக் கிடைக்கும் பலன் மிகப் பெரியது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஐந்தாம் கார்டுக்கு: 10-ஆவது பாரிலோ 12-ஆவது பாரின் முடிவிலோ, 5-ஆவது ஃப்ரெட்டில் இருக்கும் உங்கள் பெட்டியை (மைனர் பென்டடானிக்கின் முதல் வடிவத்தை) அப்படியே 3-ஆவது ஃப்ரெட்டுக்கு இறக்குங்கள். அது ஜி மைனர் பென்டடானிக்: ஜி, பி ஃப்ளாட், சி, டி, எஃப். ஈ7-க்கு இவை ஷார்ப் 9, ஃப்ளாட் 5, ஷார்ப் 5, ஏழாம் ஸ்வரம், ஃப்ளாட் 9. ஆல்டர்டு ஸ்கேல் (ஐந்தாம், ஒன்பதாம் ஸ்வரங்களை ஏற்றியும் இறக்கியும் வைத்த ஸ்கேல்) தரும் பதற்றம் முழுவதும் உங்களுக்குப் பழகிய விரல் வடிவத்திலேயே வந்துவிடுகிறது. ஏ7 வந்ததும் 5-ஆவது ஃப்ரெட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பும் நேரம் தவறினால் எல்லாம் தப்பாகக் கேட்கும், சரியாகத் திரும்பினால் வெளியே போனதே அழகாகிவிடும்.

4-ஆவது பாருக்கு: அதே கணக்கில் 8-ஆவது ஃப்ரெட்டின் சி மைனர் பென்டடானிக் டி7-க்கு இழுத்துச் செல்லும். இன்னும் ஒரு படி மேலே போக விரும்பினால் ஒரு ஃப்ரெட், இரண்டு ஃப்ரெட் என்று மாறி மாறி ஏறும் ஹாஃப்-ஹோல் டிமினிஷ்டு ஸ்கேல்: ஏ, பி ஃப்ளாட், சி, சி ஷார்ப், டி ஷார்ப், ஈ, எஃப் ஷார்ப், ஜி. ராபன் ஃபோர்டு இந்த இடத்தில் இதைப் பயன்படுத்துவதற்குப் பெயர் பெற்றவர். இதில் ஏ, சி, ஈ, ஜி எல்லாம் இருப்பதால் ப்ளூஸ் வாசனை கெடுவதில்லை. புதிதாகக் கேட்பவை பி ஃப்ளாட்டும் டி ஷார்ப்பும்தான். இந்த ஸ்கேலில் எந்த லிக்கையும் மூன்று ஃப்ரெட் நகர்த்தி வாசித்தால் ஸ்கேலுக்குள்ளேயே இருக்கும். அதனால் ஒன்றிரண்டு லிக் கற்றாலே கழுத்து முழுவதும் போகலாம்.

மைனர் ப்ளூஸில்?

அங்கே வேலை குறைவு. 9, 10 பார்களில் எஃப் மேஜர் 7, ஈ7 வைத்தால் போதும் (கீ ஏ மைனர்). 1969-ல் பி.பி. கிங் பதிவு செய்த 'த த்ரில் இஸ் கான்' பாட்டில் பி மைனர் கீயில் இதே நகர்வைக் கேட்கலாம்: ஜி மேஜர் 7, எஃப் ஷார்ப் 7. ஏ மைனருக்கு வந்தால், எஃப் மேஜர் 7 மேல் ஏ மைனர் பென்டடானிக் இயல்பாகப் பொருந்தும். ஈ7 வரும்போது மட்டும் ஜி-க்குப் பதில் ஜி ஷார்ப் தேவை.

மற்றவர்கள் மூன்று கார்டு மட்டும் வாசிக்கும்போது நான் இதெல்லாம் செய்யலாமா?

சோலோவில் தாராளமாக. நீங்கள் ஒரு நகர்வைத் தெளிவாகத் தொடங்கி சரியான இடத்தில் முடித்தால், பின்னால் ஏ7 மட்டுமே ஒலித்தாலும் காது உங்கள் பின்னால் வரும்.

ரிதமில் கவனம் வேண்டும். பேஸ் ஏ-யில் நிற்கும்போது நீங்கள் எஃப் ஷார்ப் 7-ஐ ஒரு பார் முழுக்க அழுத்திப் பிடித்தால் ஏ-யும் ஏ ஷார்ப்பும் மோதும். கடைசி ஒரு அடியில் மட்டும் வைத்தால் அது அலங்காரமாகிவிடும். பியானோவும் இருந்தால் முன்பே பேசிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஷெல்லோடு நிறுத்திக்கொள்வது மரியாதை.

இவ்வளவும் சேர்த்தால் ப்ளூஸ் உணர்வு போய்விடாதா?

போய்விடலாம். அது கார்டுகளால் நடப்பதில்லை. அரை அடிக்கு ஒரு ஸ்வரமாக (எய்ட்த் நோட்) நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தால்தான் நடக்கும். பெண்டிங், வைப்ரட்டோ, சி-க்கும் சி ஷார்ப்புக்கும் நடுவில் தொங்கும் அந்த ஸ்வரம், ஒரு வரி சொல்லிவிட்டு விடும் மூச்சு, இவைதான் ப்ளூஸின் பேச்சு. ஜாஸ் கிட்டார்காரர்களான கென்னி பரல், கிராண்ட் கிரீன் இருவரையும் உட்கார்ந்து கேளுங்கள். ஹார்மனி அவர்களுக்கு விரல் நுனியில் இருக்கிறது, ஆனாலும் நிறைய இடங்களில் மிக எளிய ப்ளூஸ் வாக்கியத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

என் அபிப்பிராயம்: ஒரு கோரஸில் (12 பாரின் ஒரு சுற்றில்) இரண்டு இடங்களில் ஜாஸ் நகர்வு போதும். 4-லிருந்து 5-ஆவது பாருக்குப் போகும்போது ஒன்று, 8-லிருந்து 9-ஆவது பாருக்கு இன்னொன்று. மீதியெல்லாம் சாதாரண ப்ளூஸ். அப்போதுதான் அந்த இரண்டு இடமும் தனியாகத் தெரியும்.

எப்படிப் பயிற்சி செய்வது?

மெட்ரோனோமை மெதுவாக, நிமிடத்துக்கு 60 அடியில் வையுங்கள். முதலில் கைடு டோன்களை மட்டும் 12 பாருக்கும் வாசியுங்கள், பாரின் முதல் அடியில் ஒன்று. வாசிக்கும்போதே பாடுங்கள். பாட வராத ஸ்வரத்தைத் தேடி சோலோவில் விரல் தானாகப் போகாது. அது பழகிய பிறகு ஒவ்வொரு பாரிலும் அந்த ஸ்வரத்தில் முடியும் ஒரு சின்ன வாக்கியம் செய்யுங்கள். அப்புறம் ஷெல் கார்டில் ஒரு ரிதமைப் பதிவு செய்து அதன் மேல் சோலோ எடுங்கள்.

புதிய கருத்து ஒவ்வொன்றையும் ஒரே ஒரு பாரில் மட்டும் முயலுங்கள். இன்று டிமினிஷ்டு என்றால் 6-ஆவது பாரில் மட்டும். மற்ற 11 பாரும் உங்களுக்குத் தெரிந்தபடியே போகட்டும். ஏ கீயில் சரளமான பிறகு பி ஃப்ளாட்டுக்கும் எஃப்புக்கும் போங்கள். ஜாஸ்காரர்கள் ப்ளூஸ் வாசிப்பது பெரும்பாலும் அந்தக் கீகளில்தான்.

சார்லி பார்க்கரின் ப்ளூஸ் மாற்றங்களையும் இதில் சேர்க்கலாமா?

கடைசியில் சேர்க்கலாம். 1951-ல் இந்த ஜாஸ் சாக்ஸஃபோன்காரர் பதிவு செய்த 'ப்ளூஸ் ஃபார் ஆலிஸ்' அதற்கு நல்ல பாடம். ஏ கீக்கு மாற்றினால் முதல் ஐந்து பார்கள் இப்படி வரும்: ஏ மேஜர் 7 | ஜி ஷார்ப் மைனர் 7 ஃப்ளாட் 5, சி ஷார்ப் 7 | எஃப் ஷார்ப் மைனர் 7, பி7 | ஈ மைனர் 7, ஏ7 | டி7. பார்க்க மிரட்டும். ஆனால் முதல் கார்டுக்கும் டி7-க்கும் நடுவில் 2-5 ஜோடிகளை அடுக்கியிருக்கிறார், அவ்வளவுதான். 5-ஆவது பாரில் டி7 தன் இடத்திலேயே காத்திருக்கிறது. ஒன்றாம் கார்டு மேஜர் 7 ஆகிவிட்டதால் அங்கே ஜி-யை நீட்டிப் பிடிக்காதீர்கள். மற்றபடி 4, 3 கம்பிகளில் கைடு டோன்களை எழுதிக்கொண்டு, முன்பு செய்ததுபோலவே ஒவ்வொரு பாராகப் பாடிப் பாடி நகருங்கள்.